இருநூற்று எண்பத்தேழு பூஜ்யங்கள்

பூஜ்யத்துக்கு லாக், அதாவது லாகரிதம், கிடையாது. இதை டாக்டர் ராஜசேகரிடம் ஒன்பது மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் ஒன்பது மாதமாக அதற்கு ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"ஒரு ரூபாய் சேத்துக்கோ, வேலு."

அவர் எங்கள் அறக்கட்டளையின் டைரக்டர். மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்கிய டாக்டர். ஆபீஸ் பாலக்காட்டில். நான் மீனாட்சிபுரத்து வேல்முருகன். புள்ளியியல் எம்.எஸ்சி. விடிந்ததும் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, பஸ் பிடித்துப் போய் ரெக்ரஷன் கணக்குப் போடுகிறவன் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைப்பானேன்.

விஷயம் இதுதான். இடுக்கி மலையில் வெள்ளாட்டுமலை எஸ்டேட் இருக்கிறது. தேயிலைத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். மொத்தம் ஆறு லயம். கீழே உள்ள மூன்று லயங்களுக்கும் எங்கள் அறக்கட்டளை புதனும் சனியும் ஒரு ஜீப் விடுகிறது. நோயாளிகளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும், காசு வாங்காது. மேலே உள்ள மூன்று லயங்களுக்கு ஜீப் இல்லை. இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்து, ஜீப்பால் ஜனங்களின் வைத்தியச் செலவு குறைந்தது என்று தெரிந்தால் மேலேயும் விடுவார்கள். குறையவில்லையென்றால் கீழே ஓடுவதையும் நிறுத்திவிடுவார்கள். குறைந்ததா, இல்லையா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவன் நான்.

எனக்கு ஒன்றும் அவசரமில்லை. அவசரம் ராமுத்தாய் அக்காவுக்கு. உச்சியில் இருக்கிற மேல் லயத்தில் கொழுந்து கிள்ளுகிறவர். அவர் வீட்டுக்காரர் சங்கையாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம்தான், ஆனால் போய்வர வாடகை ஜீப்புக்கு ஆயிரத்து எண்ணூறு. அதனால் வாரத்துக்கு ஒரு தடவைதான் போகிறார். சர்வே தாளின் அடியில் 'சந்தேகங்களுக்கு அழைக்கவும்' என்று என் செல் நம்பரை அச்சடித்திருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டில் சந்தேகம் வந்தது ஒரே ஒருத்தருக்கு. திங்கட்கிழமை தவறாமல் வரும்.

"தம்பி, ஜீப்பு எப்ப வருது?"

"கணக்குப் போட்டுட்டு இருக்கறனுங்க அக்கா."

"போன வாரமும் அதத்தான சொன்னீக. அம்புட்டுப் பெரிய கணக்கா? இவுகளுக்குக் கால் ரெண்டும் பானை மாதிரி வீங்கிக் கெடக்கு."

பெரிய கணக்குதான். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டில் 'கடந்த மாதம் வைத்தியத்துக்கு உங்கள் சொந்தச் செலவு எவ்வளவு' என்ற பதினாலாம் கேள்விக்கு இருநூற்று எண்பத்தேழு வீடுகள் சொன்ன பதில் பூஜ்யம். மற்ற வீடுகளில் அறுபது ரூபாயிலிருந்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரை போகிறது. ஒரு பக்கம் பூஜ்யமாய்க் குவிந்து கிடக்கிறது, இன்னொரு பக்கம் வாலாய் நீளுகிறது. இதற்கு நடுவில் சாதாரணக் கோடு இழுத்தால் அது யாரையும் தொடாமல் ஆகாயத்தில் போகும். வாலைச் சுருட்ட லாக் எடுக்கலாம். பூஜ்யத்துக்கு லாக் எடுத்தால் கம்ப்யூட்டர் பதில் சொல்லாமல் முழிக்கும். அதனால்தான் டைரக்டர், கோயில் வாசலில் போடுகிற மாதிரி, எல்லா வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுவிட்டு லாக் எடு என்றார்.

"ஏனுங் சார், ஒரு ரூபாய் எதுக்குங்க? பத்து ரூபாய் போட்டா ஆகாதா? ஒரு பைசா போட்டா? ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு பதில் வருதுங்க."

"எல்லாரும் ஒண்ணுதாம்ப்பா போடுறாங்க. உலகம் பூரா ஒண்ணு."

"உலகம் பூரா தப்புப் பண்ணுனா நாமளும் பண்ணோணுங்களா?"

என் கட்சி இரண்டு பாக மாடல். முதல் பாகத்தில், செலவு செய்தார்களா இல்லையா என்று கேட்க வேண்டும். இரண்டாம் பாகத்தில், செய்தவர்களை மட்டும் பிடித்து எவ்வளவு என்று கேட்க வேண்டும். பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே மதிக்கிற மாடல். அதற்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. டைரக்டர் மேஜையில் பதினோரு பக்கக் குறிப்பு வைத்தேன், அதன் மேல் அவர் டீ கிளாஸை வைத்தார். கடைசியில் கொச்சியிலிருந்து ஒரு ஆலோசகர் வீடியோ காலில் வந்து நான் சொன்னதையே இங்கிலீஷில் சொன்னார். டைரக்டர் அன்றைக்கே ஒத்துக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன். பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மாடலை ஓட்டினேன். ஜீப் ஓடுகிற லயங்களில் இருநூறு வீடு, அதில் நூற்று நாலு வீடு செலவு செய்திருந்தது. ஜீப் இல்லாத லயங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, செலவு செய்தது வெறும் இருபத்தொன்று. முதல் பாகத்தில் மூன்று நட்சத்திரம் ஜொலித்தது. அதாவது, இது தற்செயல் இல்லை என்று கம்ப்யூட்டர் சத்தியம் செய்கிறது. இரண்டாம் பாகத்தில் நட்சத்திரம் இல்லை. டைரக்டர் நட்சத்திரம் இருக்கிற வரியை மட்டும் படிக்கிறவர்.

"பிரமாதம் வேலு! ஜீப் போற இடத்துல ஜனம் செலவு பண்ணுது. ஜீப் இல்லாத இடத்துல செலவே இல்ல. ஆஸ்பத்திரிய வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினா, இல்லாத சீக்கெல்லாம் வரத்தானே செய்யும்?"

"சார், அது வந்துங்..."

"இன்னொண்ணு பாத்தியா? கேள்வி இருபத்திரண்டு. விசேஷம், மொய், நன்கொடை. மேல் லயத்துல மாசம் வீட்டுக்கு இருநூத்திப் பத்து ரூபாய். கீழ மொத்தமே நாப்பது. ஆரோக்கியமா இருக்கறவன் கையில காசு புரளுது, மொய்யில அழிக்கிறான். ஜீப்பை நிறுத்திட்டு அந்தக் காசுல விழிப்புணர்வு முகாம் போடலாம்."

மறுநாளே பிளக்ஸ் அடிக்க ஆர்டர் போய்விட்டது. 'வீண் மொய்யைத் தவிர்ப்போம், வளமாக வாழ்வோம்.' போர்டு கூட்டம் இரண்டு வாரத்தில். ஒன்பது மாதம் சண்டை போட்டு நான் கொண்டுவந்த மாடல், ராமுத்தாய் அக்காவுக்கு வர வேண்டிய ஜீப்பை மூன்று நட்சத்திரத்தோடு நிறுத்தப் போகிறது. அந்தத் திங்கட்கிழமை போன் அடித்தபோது நான் எடுக்கவில்லை. பேடிப் பயல் மாதிரி அது அடித்து ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் டேட்டாவில் அவர் வீட்டு வரியைத் தேடிப் பிடித்தேன். கேள்வி பதினாலு: 0. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டயாலிசிஸ் நோயாளி இருக்கிற வீட்டில் வைத்தியச் செலவு பூஜ்யமா? அங்கே சர்வே எடுத்தது ஜிஸ்மி. கீழ் லயத்துப் பெண், பி.காம். முடித்தவள். போனில் பிடித்தேன்.

"ஏம்மா, ஊடு ஊடாப் போனியா, இல்ல டீக்கடையில உக்காந்துட்டு சைபரா ரொப்புனியா?"

"சார், வாய்க்கு வந்ததப் பேசாதீங்க. நீங்களே வந்து கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்க்கப் போனேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று மூன்று பஸ் மாறி, கடைசியில் ஒரு லோடு ஜீப்பில் எருமூட்டைகளோடு உட்கார்ந்து மேல் லயம் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. முந்தின நாள் மறையூரில் தங்கியவன் தண்ணீர் குடிக்க மறந்துபோயிருந்தேன், அது பிற்பாடு தெரிந்தது. ஜிஸ்மி வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சங்கையா அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"அக்கா, அண்ணன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்கல்ல? போன மாசம் எவ்வளவு ஆச்சுங்க?"

"எங்களுக்கு ஒண்ணும் ஆகல தம்பி."

"ஜீப்பு வாடகை?"

"நான் குடுக்கல. என் கையிலருந்து ஒத்தப் பைசா போகல. பொய் எழுதச் சொல்லுதீகளா?"

அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. இடது விலாவுக்குக் கீழே யாரோ அரிவாளைச் செருகித் திருகினார்கள். கிட்னிக் கல். அதன் பெயர் பிற்பாடுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், எம்.எஸ்சி. படித்தவன் சாணி மெழுகிய தரையில் புரண்டு "அம்மா, அம்மா" என்று கத்துகிறான் என்பதுதான். வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். சங்கையா அண்ணன் அன்றைக்குப் போக வேண்டிய வாடகை ஜீப் வந்து நின்றது. முன் சீட்டில் என்னைத் தூக்கி வைத்தார்கள். ராமுத்தாய் அக்காவும் ஜிஸ்மியும் கூடவே ஏறினார்கள். டயாலிசிஸுக்குப் போகிற மனுஷன் பின்னால் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பல்லக் கடிச்சுக்கோங்க தம்பி. இந்தா வந்துருச்சு டவுனு." ஒரு மணி நேரத்துக்கு இதையே சொன்னார்.

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், சாயங்காலத்துக்குள் வலி இறங்கிவிட்டது. பையும் பர்சும் லயத்திலேயே கிடந்தன. பில் கட்டியது யார் என்று கேட்டேன். ஜிஸ்மி மேல் லயத்திலிருந்து கொண்டுவந்த ஒரு நீள நோட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற அதே நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் பக்கத்திலேயே ஒரு சிலுவையும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைப்பு. 'சங்கையா டயாலிசிஸ், வீட்டுக்கு முப்பது.' 'சங்கையா டயாலிசிஸ், வீட்டுக்கு முப்பது.' 'செபமாலையம்மாள் பிரசவம், வீட்டுக்கு ஐம்பது.' மறுபடியும் சங்கையா, சங்கையா, சங்கையா. கடைசிப் பக்கத்தில், மை காயாமல்: 'பாலக்காட்டு சார் கல்லு, வீட்டுக்கு நாற்பது.' அறுபத்து நாலு பேர். பில் போக மிச்சம் இருந்த எண்பது ரூபாய்க்கு எனக்கு இளநீர் வாங்கியிருந்தார்கள்.

மேலே உள்ள மூன்று லயங்களிலும் அதுதான் வழக்கம். எவன் வீட்டில் சீக்கு வந்தாலும் அவன் மடியை அவிழ்க்கக் கூடாது. சுற்றியிருக்கிறவர்கள் மொய் எழுதி அனுப்புவார்கள். ஒரு வாரத்தில் வருகிற மொய் ஒரு தடவை ஜீப்புக்குத்தான் பற்றும். அதனால்தான் சங்கையா அண்ணன் வாரத்துக்கு ஒரு தடவை போகிறார். கீழ் லயத்தில் ஜீப் சும்மா வருவதால் மொய்க்கு அவசியமில்லை. மாத்திரைக்கு இருநூறோ முந்நூறோ அவரவரே கொடுத்துக்கொள்கிறார்கள். அந்த இருநூறைத்தான் நான் செலவென்று பிடித்தேன். சீக்காளியின் பூஜ்யத்தை ஆரோக்கியம் என்று பிடித்தேன்.

"அக்கா, உங்க நம்பருக்கே ஜிபே பண்ணிடறனுங்க."

ராமுத்தாய் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பேச்சு பேசுதீக? விசேஷத்துக்கு எழுதுன மொய்ய எவனாச்சும் மறுநாளே கையில குடுப்பானா? அடுத்து ஒருத்தருக்கு முடியாமப் போகும், அப்ப நீங்க எழுதுங்க."

ஜிஸ்மி பேனாவை எடுத்து, முகத்தை ரொம்ப அப்பாவியாக வைத்துக்கொண்டு என் கட்டிலருகே வந்தாள். "சார், கேள்வி பதினாலு. கடந்த மாதம் வைத்தியத்துக்கு உங்கள் சொந்தச் செலவு எவ்வளவு?"

நான் பர்ஸ் இல்லாத சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன்.

"சொல்லுங்க சார்."

"சைபர்."

"ட்ரெயினிங்ல நான் கேட்டேனா இல்லியா? லயத்துல சேந்து கட்டுனா எதுல எழுதன்னு. நீங்க என்ன சொன்னீங்க? 'ஆரு கையிலிருந்து போச்சோ அவங்க செலவு. அவங்க மொய்னு சொன்னா மொய். நீ அர்த்தம் பண்ணாத, எழுது'ன்னு கத்துனீங்க."

கத்தினேன். நினைவிருக்கிறது. இருபது பெண்களுக்கு முன்னால், மைக் பிடித்து. வெட்கத்தில் ஸ்கேன் அறிக்கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

பாலக்காட்டுக்குத் திரும்பியதும் நோட்டின் போட்டோக்களோடு டைரக்டர் முன்னால் போய் நின்றேன். இருபத்திரண்டாம் கேள்வியின் காசைப் பதினாலில் சேர்க்க வேண்டும், அப்போதுதான் உண்மை தெரியும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வேலு, ரிசல்ட் பிடிக்கலன்னா டேட்டாவ மாத்தலாமா? கையெழுத்துப் போட்டு முடிச்ச டேட்டா. இதே ரூம்ல நீதானே எனக்குப் பாடம் எடுத்தே, பூஜ்யத்துல கை வைக்கக் கூடாதுன்னு?"

அவர் சொன்னது நியாயம். அநியாயமான ஆள் ஒருநாள் நியாயம் பேசினால் அதற்கு மருந்தே கிடையாது.

"அது இல்லாம," என்றார், "அவங்களே சேந்து சமாளிக்கிறாங்கன்னா இன்னும் நல்லது. அங்க நம்ம ஜீப் எதுக்கு?"

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். டேட்டாவைத் தொடக் கூடாது. சரியான மாடலோ ஜீப்பைக் கொல்கிறது. அப்போதுதான் அந்த ஒரு ரூபாய் நினைவுக்கு வந்தது. ஒன்பது மாதமாக நான் காறித் துப்பிய ஒரு ரூபாய்.

அந்த முறையின் கோளாறு இதுதான்: நீ எந்த அலகில் எண்ணுகிறாயோ அதற்கேற்ப அது பேசும். ரூபாயில் எண்ணி ஒன்றைக் கூட்டினால், பூஜ்யத்துக்கும் இருநூறுக்கும் நடுவில் மலை அளவு வித்தியாசம். எல்லாவற்றையும் லட்சத்தால் வகுத்துவிட்டு ஒன்றைக் கூட்டினாலோ, இருநூறு ரூபாய் கடுகாகிப் பூஜ்யத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். பெரிய பில்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியும். மேல் லயங்களில், மொய்க்கு எட்டாத செலவு என்பதால் பி.எஃப். பணத்தை எடுத்துக் கொச்சியில் ஆபரேஷன் செய்த மூன்று வீடுகள் இருந்தன. தொண்ணூற்றைந்தாயிரம், ஒரு லட்சத்து நாற்பதாயிரம், ஒரு லட்சத்து எண்பதாயிரம். கீழ் லயங்களில் அப்படி ஒரு பில்கூட இல்லை. ஓட்டிப் பார்த்தேன். ஜீப் செலவைக் குறைக்கிறது. ஒரே ஒரு நட்சத்திரம், அதுவும் மங்கல்தான்.

"சார், நான் யோசிச்சுப் பாத்தனுங்க," என்றேன் மறுநாள். "நீங்க ஆரம்பத்துல சொன்னதுதானுங்க சரி. ஒண்ணு கூட்டி லாக்."

டைரக்டரின் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா! எக்ஸ்பீரியன்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல?"

"போர்டுக்கு எல்லாமே லட்சத்துலதானுங்களே போகும்? பட்ஜெட்டே லட்சத்துலதான். அதனால இதையும் லட்சத்துல போட்டுட்டனுங்."

"கரெக்ட். போர்டுக்கு லட்சம்தான் புரியும்."

நட்சத்திரத்தைப் பார்த்தார். போன வாரம் கெட்டதாக இருந்த ஜீப் எப்படி இந்த வாரம் நல்லதாயிற்று என்று கேட்கவில்லை. தன் முறை ஜெயித்ததில் அவருக்கு ஜீப் எந்தப் பக்கம் ஓடினால் என்ன? போர்டில் அவரே எழுந்து படித்தார், கைதட்டினார்கள். மேல் லயங்களுக்கும் ஜீப் பாஸானது. பிளக்ஸைச் சுருட்டி ஸ்டோர் ரூமில் போட்டார்கள். நான் படித்த படிப்புக்குச் செய்த முதல் துரோகம் அது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கூசுகிறது. மறுபடியும் கேட்டால் மறுபடியும் செய்வேன்.

ஜூன் மாதம் மேல் லயத்துக்கு ஜீப் ஏறியது. ஜூலையில் அடுத்த சர்வே. ஒரு திங்கட்கிழமை போன் வந்தது, முதல் மணியிலேயே எடுத்தேன்.

"தம்பி, இவுக இப்ப வாரம் ரெண்டு தடவ போறாக. கால் வீக்கம் வத்திருச்சு. நேத்து லயத்து முக்கு வரைக்கும் நடந்து போய்ப் பீடி வாங்கிட்டு வந்து என்கிட்ட ஏச்சு வாங்குனாக."

"சந்தோஷமுங்க அக்கா. ரொம்பச் சந்தோஷமுங்க."

"இன்னொண்ணு. ஜிஸ்மி வந்து எழுதிட்டுப் போனா. இந்த மாசம் ஊசி மருந்துக்கு முன்னூத்தி நாப்பது ரூவா. என் சம்பளத்துலருந்து நானே குடுத்தேன். ஒரு வீட்டுலயும் வாங்கல. நாலு வருசமா அறுபத்து மூணு வீட்டு முப்பது ரூவாயிலதான தம்பி இவுக மூச்சு ஓடுச்சு. எல்லாரு மூஞ்சியப் பாக்கவும் எனக்குக் கூச்சமா இருக்கும். இப்பத்தான் நிமிந்து நடக்கேன். அது கணக்குல சரியா ஏறிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

வரியைத் திறந்தேன். போன வருஷம் 0. இந்த வருஷம் 340. ஜீப் வந்த இரண்டாம் மாதமே செலவு பூஜ்யத்திலிருந்து முந்நூற்று நாற்பதுக்கு ஏறிவிட்டது என்று அடுத்த போர்டில் யாராவது நட்சத்திரத்தோடு படிக்கப் போகிறார்கள். அறுபத்து நாலு வீட்டிலும் இப்படியே ஏறியிருக்கும். இந்தத் தடவை பெரிய பில் ஒன்றும் இல்லை, லட்சத்தால் வகுத்தாலும் என்னால் காப்பாற்ற முடியாது.

"என்ன தம்பி, சத்தத்தக் காணோம்? ஏறலியா?"

"ஏறியிருக்குங்க அக்கா. முன்னூத்தி நாப்பது."

"சைபரு இல்லைல்ல?"

"இல்லீங்க."

"இன்னொரு வாட்டி வாசிங்க. இவுகளும் கேக்கட்டும்." போனை ஸ்பீக்கரில் போடுகிற சத்தம் கேட்டது.

நான் சத்தமாக வாசித்தேன்.